தூக்கிய கை

பனையநேரி நகராட்சியை மாநகராட்சியாக உயர்த்தி, பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நிழல் தட்டியாக்கி, சேர்மனாக இருந்த தங்கப்பழம் அண்ணாச்சி மேயராகிச் சிவப்பு அங்கியும் சங்கிலியும் மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வளைய வந்த வருஷத்தில், வைகாசி மாதத்து ஒரு முற்பகலில், கொள்முதல் மற்றும் ஒப்பந்தப்புள்ளி விதிகளைத் திருத்துவதற்காக மாமன்றக் கூடத்தில் தூக்கப்பட்ட கைகள் தூக்கியபடியே நின்றுவிட்டன.

அதற்கு முன்னால் அங்கே கை தூக்குகிற வழக்கமே கிடையாது. எழுத்தர் தீர்மானத்தைக் கடகடவென்று வாசிப்பார், யாராவது ஒருவர் 'ஆல் பாஸ்' என்று குரல் கொடுப்பார், எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், பகோடா வந்துவிடும். மாநகராட்சி ஆன பிறகும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கிறது, கையைத் தூக்கித்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்று புதிதாக வந்த ஆணையாளர் அம்மா சொல்லிவிட்டதால், அன்றைக்கு எழுத்தர் வாசித்து முடித்ததும் மேயரே முதலில் தூக்கிக் காட்டினார், முன்வரிசையில் ஒரு கை எழுந்தது, பக்கத்தில் ஒன்று, பின்னால் நாலைந்து, அப்புறம் காற்று தணிந்ததும் நாணல் நிமிர்ந்தது போல எல்லாக் கைகளும் எழுந்தன, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பத்தொன்பதாவது வார்டு சண்முகவடிவின் வலது கையும் எழுந்தது. மேயர் சந்தோஷமாக, "ஆல் பாஸ். இறக்குங்க, பகோடா ஆறுது" என்றார். ஒரு கையும் இறங்கவில்லை.

வலி ஒன்றும் இல்லை. மரத்துப்போகவும் இல்லை. விரலை மடக்கினால் மடங்கியது, மோதிரத்தைத் திருகினால் திரும்பியது, கை மட்டும் காதை ஒட்டி, வேறு யாரோ மேலேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றது. ஒருவர் கையை இன்னொருவர் இடது கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். பிறகு பகோடாவை இடது கையால் தின்றார்கள், தேசிய கீதத்துக்கு அப்படியே எழுந்து நின்றார்கள், படியிறங்கி வெளியே வந்தார்கள். மேயரையும் அத்தனை கவுன்சிலர்களையும் அந்தக் கோலத்தில் பார்த்த கடைத்தெருக்காரர்கள் ஏதோ போராட்டம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

இறக்கிய ஷட்டரை அன்று மாலையே ஏற்றிவிட்டார்கள். ஊர் என்றால் அப்படித்தான், எதையும் ஒரு பொழுது வாய்பிளந்து பார்க்கும், மறுபொழுது அதற்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துவிடும். கவுன்சிலர் நிற்கிற இடத்தில் எல்லாம் மினிபஸ் நின்றது, டிரைவர்கள் முதலில் திட்டினார்கள், அப்புறம் அதையே நிறுத்தமாக்கிக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் தோள் வரைக்கும் கொக்கி வைத்த சட்டை விற்பனைக்கு வந்தது. வாசனைப் பவுடர் பெட்டி பெட்டியாகப் போனது. பரணில் இருக்கிற அண்டாவை எடுக்க, மாமரத்தில் சிக்கிய பட்டத்தை எடுக்க என்று கவுன்சிலரைக் கூப்பிடும் பழக்கம் வந்தது, வோட்டுப் போட்டதற்கு இப்போதுதான் ஒரு பிரயோசனம் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பில் ஒரு குறையும் இல்லை, மனசில் ஏதாவது கவலை உண்டா என்று கேட்டார். எல்லோரும் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஒன்றைத்தான் ஊரால் சிரித்துக் கடக்க முடியவில்லை. வலது கை மேலே நின்றுவிட்டதால் எல்லாவற்றுக்கும் இடது கைதான் மிச்சம். கல்யாணப் பந்தியில் இடது கையால் சோறு பிசைந்தார்கள். கோயிலில் இடது கையை நீட்டினார்கள், பட்டர் விபூதியைக் கையில் போடாமல் நெற்றியிலேயே பூசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணமக்கள் தலையில் அட்சதையை இடது கையால் போட வேண்டியிருக்குமே என்று எட்டாவது வார்டு காதர் மீரான் மாமா, எல்லாக் கல்யாணத்துக்கும் முதல் ஆளாகப் போகிறவர், கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

சண்முகவடிவு கெட்டிக்காரி. ஒரு கையால் செய்ய முடியாத வேலையே இல்லை என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். சேலைக் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு செருகினாள், தோசைக்கல்லை முட்டியால் அண்டக் கொடுத்துத் துடைத்தாள், பால்குடி மறக்காத மகளை இடப்பக்கத்திலேயே அணைத்துக்கொண்டாள், தூக்கிய கையில் குழந்தைத் துணியைக் காயப்போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தாள். முறுக்கிப் பிழிந்த துணி நிமிஷத்தில் காய்ந்தது. இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். ஆனால் பாப்பா, அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த பாப்பா, அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தன் வலது கையையும் தூக்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது. அப்போது மட்டும் வடிவு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் கவுன்சிலர் ஆனதே லூர்துவால்தான். வைகறை மகளிர் குழுவில் லூர்து வெட்டுவாள், வடிவு தைப்பாள். குப்பை அள்ளுகிறவர்களுக்கான கையுறை. கடைக் கையுறை ஒரு வாரத்தில் விரலிடுக்கில் கிழிந்து கண்ணாடிச் சில்லு ஏறிவிடுகிறது என்று, உள்ளே கதர், மேலே ரெக்சின், விரலிடுக்கில் இரட்டைத் தையல் என்று இவர்களாக ஒரு மாதிரி செய்தார்கள். மாநகராட்சி வராந்தாவில் சாம்பல் நிறத் தகரப்பெட்டி ஒன்று உண்டு, அதுதான் டெண்டர் பெட்டி. யாரும் தங்கள் விலையைக் கவரில் வைத்து ஒட்டிப் போடலாம், திறக்கிற நாளில் எல்லோர் முன்னாலும் கவரைக் கிழிப்பார்கள். குழுவின் கவரை லூர்துதான் போடுவாள், போடும்போது சிலுவை போட்டுக்கொள்வாள், பக்கத்தில் நிற்கிற வடிவு தன் பங்குக்குப் பிள்ளையாரை நினைத்துக்கொள்வாள். அந்தக் கையுறையில்தான் குழுவில் பாதி வீடுகளில் உலை கொதித்தது. பத்தொன்பதாவது வார்டு பெண்களுக்கென்று வந்தபோது, நம்மில் ஒருத்தி உள்ளே இருக்கட்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கி வடிவை ஜெயிக்க வைத்தார்கள்.

திருத்திய விதிகளில் ஏழாவது விதி இப்படிச் சொன்னது: துப்புரவுக்கு வேண்டிய பொருள் எல்லாவற்றையும் இனிமேல் தனித்தனியாக வாங்கக்கூடாது, ஒரே தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். துடைப்பம், பிளீச்சிங் பவுடர், கையுறை, பேட்டரி வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கவர். கையுறை தைக்கிறவர்கள் கவர் போடலாம், தடையில்லை, கூடவே பேட்டரி வண்டியும் செய்து கொடுத்தால் போதும். ஊரில் அப்படி எல்லாம் சேர்த்துத் தரக்கூடியவர் மேயரின் சம்பந்தி பொன்னுலிங்கம் ஒருவர்தான்.

கைகள் நின்றுபோன மறுநாள், குழுப் பெண்கள் நாலைந்து பேர் வடிவின் வீட்டுக்கு வந்தார்கள். லூர்து வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றபடி கேட்டாள்.

"ஏட்டி வடிவு. ஏழாவது விதிய நீ வாசிச்சியா, வாசிக்கலயா?"

"வாசிக்கல, லூர்து. ஆல் பாஸ்னாவ. எல்லாரும் தூக்கினாவ, நானும் தூக்கிட்டேன்."

லூர்து அவளுடைய மேலே நிற்கிற கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பேசவில்லை. எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினாள். ஆனாலும் மூன்றாம் நாள் பால்காரம்மாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள், பிரித்தால் வடிவு என்றோ அவளிடம் விட்டிருந்த பழைய ரவிக்கை, வலப்பக்கம் பிரித்து, இடுப்பிலிருந்து முழங்கை வரை கொக்கி வைத்து, தூக்கிய கைக்கென்றே தைத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் வடிவுக்கு உடம்பு கூசியது.

ஏனென்றால் அவள் வாசித்திருந்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பாப்பாவுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஒரு வரியைப் புரிகிறவரை விடமாட்டாள். ஏழாவது விதிக்கு வந்தபோது உருண்டையைப் பாப்பாவின் வாய்க்குக் கொண்டுபோன கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது, பிள்ளை வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு அழுதது. நாளைக்கு எழுந்து கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கூடத்தில் ஒவ்வொரு கையாக எழுந்து, தன்னுடையது மட்டும் மடியில் கிடந்தபோது, பந்தியில் எல்லோரும் எழுந்து கைகழுவப் போன பிறகும் தான் மட்டும் இலைமுன்னால் உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பணமில்லை, பயமில்லை, யாரும் மிரட்டவுமில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். தூக்கிவிட்டாள்.

கைகள் நின்று ஒரு வாரம்போல ஆகியிருக்கும், முதல் கை இறங்கியது. மூன்றாவது வார்டுக்காரர் காலையில் எழுந்தபோது கை போர்வைக்குள் இருந்ததாம். அடுத்து மேயருக்கு, சவரம் செய்துகொண்டிருக்கும்போது. பிறகு தினம் இரண்டு மூன்று. எந்த வைத்தியத்துக்கும் இறங்கவில்லை, எந்த நேர்ச்சைக்கும் இறங்கவில்லை, பிறகு எதற்குத்தான் இறங்குகிறது என்று டீக்கடையில் நாள் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் மேயரின் சொந்தக் காரோட்டியே கண்டுபிடித்துச் சொன்னார். நம்ம அண்ணாச்சி அன்றைக்குக் காலையில், 'நான் என்ன செஞ்சேன், ஊர் வளரணும்னுதானே செஞ்சேன்' என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், சொல்லி முடிக்கிறதுக்குள் கை தொப்பென்று விழுந்தது என்றார். வெட்கம் விட்டவர்களுக்கு இறங்குகிறது. ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. கை இறங்கினவரைக் கண்டால் ஒரு வாரம் ஒரு மாதிரி பார்த்தார்கள், அப்புறம் அவர்களிடம்தான் காரியத்துக்குப் போனார்கள்.

வடிவின் புருஷன் இசக்கிமுத்து மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். நல்லவன், பெண்டாட்டிக்காகப் பேசிப் பேசியே பாதி ஊர் அவனைத்தான் கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னான், இந்தா பாரு, மனசுக்குள்ள போட்டு உழப்பாதே, எல்லாரும் விட்டுட்டாவ, நீயும் விட்டுரு, தன்னால இறங்கும். வடிவும் முயற்சி செய்தாள். மெய்யாகவே வாசிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது கொஞ்சம் உண்மை மாதிரியே ஆனது, ஒரு மத்தியானம் கை தோள்மட்டத்துக்கு இறங்கிக்கூட வந்துவிட்டது. சந்தோஷத்தில் காய் வாங்கப் புறப்பட்டாள். போகிற வழியில் லூர்துவின் வீடு. எப்போதும் கடகடத்துக்கொண்டிருக்கிற தையல் மெஷின் மேல் மஞ்சள் துணி போர்த்தி, அதன் மேல் வற்றல் தட்டை வைத்திருந்தார்கள். வடிவின் கை விறுக்கென்று மேலே போய்க் காதோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மிஞ்சியது மூன்று கைகள்தான். வடிவு, காதர் மீரான் மாமா, இருபத்தாறாவது வார்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சிவகாமி. மூன்று பேரும் தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள்.

இதற்கிடையில் ஆணையாளர் அம்மா ஒரு சங்கடத்தைக் கிளப்பினார். வாக்கெடுப்பு என்றால் கையைத் தூக்கி, எண்ணி, இறக்க வேண்டும். இறக்காத வரைக்கும் அந்த வாக்கெடுப்பு முடிந்ததாக எழுத முடியாது, முடியாத தீர்மானத்தை நடைமுறைப்படுத்த முடியாது, ஆகையால் புதிய விதி இன்னும் வரவில்லை, பழைய விதியும் இல்லை, தகரப்பெட்டியைப் பூட்டி வையுங்கள், மறுபடியும் கூடி மறுபடியும் தூக்குங்கள் என்று எழுதிவிட்டார். மேயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பழையபடி மேசையைத் தட்டிவிடலாமே என்றார். அம்மா அசையவில்லை.

ஆகவே ஆடி மாதம் மறுபடியும் கூட்டம் கூடியது. பார்வையாளர் பெஞ்சில் இடமில்லை. வைகறைக் குழுப் பெண்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள், லூர்து கடைசி ஓரத்தில், கையில் ஜெபமாலையோடு. எழுத்தர் ஏழாவது விதியையும் மற்ற விதிகளையும் இந்த முறை நிறுத்தி நிதானமாக வாசித்தார். மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

யாரும் தூக்கவில்லை. மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வது? தலைக்கு எண்ணெய் தேய்த்து, வலது கையால் சோறு தின்று, நிம்மதியாக இருக்கிற மனுஷர்கள். சிலர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள், சிலர் கட்டிக்கொண்டார்கள், சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருந்த மேயர்கூடத் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். கூடம் முழுக்கத் தேடினால் மேலே நின்றது மூன்றே கைகள்.

மேயர் அந்த மூன்றையும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஆதரவு மூன்று என்று எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார், எதிர்க்கிறவர்கள் தூக்கலாம் என்று பேச்சுக்குச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சுகூட விடாமல், எதிர்ப்பு ஒன்றும் இல்லை, தீர்மானம்...

"அண்ணாச்சி, இது ஆதரவுக் கை இல்ல" என்றாள் வடிவு.

அந்தக் கூடத்தில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது யாருடையதோ போலிருந்தது. மேயர் கோபப்படவில்லை, வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"ஏம்மா, தூக்குன கை தூக்குன கைதான. அதுபோக, நீ வாசிக்காமத் தூக்குனேன்னு ஊர் பூரா சொல்லியிருக்க. விதி என்னன்னே தெரியாதவ எதை எதிர்க்கப் போற? உக்காரு."

உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் அவளைப் பாவம் என்று பார்த்திருப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை, புருஷன் சொல்லிக் கொடுக்காமல் போய்விட்டான், என்ன செய்வாள் என்று லூர்துகூட ஒரு நாள் பேசியிருப்பாள். வடிவு பார்வையாளர் பெஞ்சைப் பார்த்தாள். லூர்துவின் கையில் ஜெபமாலை ஓடாமல் நின்றிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே பேச முடியாது என்று தெரிந்து, மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாசிச்சேன், அண்ணாச்சி. முந்துன நாளே பூராவும் வாசிச்சேன். எங்க குழு இனிமே கவர் போட முடியாதுன்னு தெரிஞ்சுதான் தூக்குனேன். எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் தூக்காம இருக்க வெக்கமா இருந்துச்சு. கேட்டவுககிட்ட வாசிக்கலன்னு பொய் சொன்னேன். அந்தக் கைதான் இது. இத எதிர்ப்புன்னு எழுதிக்கோங்க."

பின்னால் காதர் மீரான் மாமா மெல்ல எழுந்து நின்றார். என் கையையும் அந்தப் பக்கமே எழுதிக்கோ தம்பி என்று எழுத்தரிடம் சொன்னார், சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவகாமி எழுந்திருக்கவில்லை, அழுதபடியே தலையை மட்டும் ஆட்டினாள். எழுத்தர் ஆதரவுக்கு நேரே போட்ட மூன்றை அடித்துவிட்டு எதிர்ப்புக்கு நேரே போட்டார். ஆதரவுக்கு வேறு கை வேண்டும். மேயர் இடமும் வலமும் பார்த்தார், யாரும் நிமிரவில்லை. தீர்மானம் விழுந்தது. ஏழாவது விதியை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக் கொண்டுவரும்படி ஆணையாளர் அம்மா கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். வராந்தாவில் தகரப்பெட்டியின் பூட்டைத் திறந்தார்கள்.

பெண்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். வடிவின் பக்கம் யாரும் வரவில்லை. ஒருத்தி வரப் பார்த்தாள், இன்னொருத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லூர்து திரும்பியே பார்க்கவில்லை. வடிவு தனியாக மினிபஸ்ஸில் போய் இறங்கி, இசக்கிமுத்துவின் கடையில் விட்டிருந்த பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது, துடைத்துவிட்டாள், துடைத்துவிட்டு முந்தானையை உதறும்போதுதான் பார்த்தாள், அது வலது கை. மடியில் கிடந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முந்தானைக்குள் அதை மறைத்துக்கொண்டாள். வெட்கம் விட்டவர்களுக்குத்தான் இறங்கும் என்றார்களே. விட்டமாதிரி தெரியவில்லையே, அப்படியே இருக்கிறதே என்று நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கொக்கி வைத்த ரவிக்கை இனிமேல் ஆகாது, மற்றவற்றையும் அதே மாதிரிக்குப் பிரித்தாகிவிட்டது. ஒரு வாரம் இசக்கிமுத்துவின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு சமாளித்தாள். அடுத்த தெருவில் வேறு தையல்காரி இருந்தாள், அங்கே போக மனசில்லை. ஆடி வெள்ளி கழிந்த மறுநாள், துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லூர்துவின் வாசலில் போய் நின்றாள். மெஷின் மேல் மஞ்சள் துணி இல்லை. பக்கத்தில் வெட்டிப் போட்ட கையுறைகள் விரல் விரலாகக் குவிந்து கிடந்தன. லூர்து நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து உதறினாள்.

"கையத் தூக்கு" என்றாள்.

இத்தனை நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வடிவின் கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கினால் நின்றுவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இந்த வீட்டுக்குள், இவள் முன்னால், காலத்துக்கும் நின்றுவிடும்.

"அளவுக்குத்தான்" என்றாள் லூர்து. "தூக்கு."

வடிவு தூக்கினாள். லூர்து நாடாவை அக்குளில் கொடுத்து மார்பைச் சுற்றி எடுத்தாள், தோளிலிருந்து இடுப்புக்கு எடுத்தாள், கைச்சுற்று எடுத்தாள், எல்லா அளவும் அவளுக்கு எப்போதோ மனப்பாடம், ஆனாலும் புது ஆளுக்கு எடுப்பது போல ஒவ்வொன்றாக, நிதானமாக எடுத்தாள். எடுத்த இடத்தையே திரும்பவும் எடுத்தாள். வடிவு சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை கடுக்க ஆரம்பித்தது.

"இறக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இரி" என்றாள் லூர்து. "இன்னும் எடுத்து முடியல."